மை காய்வதற்குள்

அன்பு வாசகர்களுக்கு,

சென்ற மாத இதழ் வெளியான மூன்றாம் நாள் காலையில் ஓர் அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தார். மதுரைப் பக்கம் ஊர். பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. நம் மின்பதிப்பைச் செல்போன் வாசிக்க, அட்டை முதல் அட்டை வரை இரண்டே நாளில் கேட்டு முடித்துவிடுவாராம்.

“தம்பி, கட்டுரையெல்லாம் கேட்டாச்சு. அட்டையில என்ன போட்டிருக்கீங்க? போன் ‘படம்’னு மட்டும் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுது.”

“மரத்தடியில ஒரு பொண்ணு உக்காந்திருக்கும்மா.”

“என்ன மரம்?”

அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் வேம்பு என்று சொல்ல முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன வயது இருக்கும், எந்தப் பக்கம் பார்க்கிறாள், மடியில் ஏதாவது இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்டார். அந்த அட்டைக்காக ஓவியரோடு மூன்று வாரம் பேசியிருக்கிறேன். வானத்தின் நிறத்தை இரண்டு முறை மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவள் காலருகே ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்ததை அந்த அம்மாவுக்கு விவரிக்கும்போதுதான் முதல்முறையாகக் கவனித்தேன். பத்து நிமிடம் பேசியிருப்போம். முடிக்கும்போது, “இப்ப சொன்னதையே எழுதிப் போட்டிருந்தா போன் படிச்சிருக்குமே” என்றார். மாணவியிடம் சுருதி இறங்கியிருக்கிறது என்று சொல்லும் டீச்சரின் குரல் அது.

இந்த இதழில் அருங்காட்சியகங்களைப் பற்றிய சிறப்புப் பகுதி வருகிறது. அதற்காகப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் வந்த அழைப்பு என்பதாலோ என்னவோ, அன்றிலிருந்து ஒரு காட்சி என் மனதை விட்டுப் போகவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுப் பயணம் ஒன்றில், அருங்காட்சியக ஊழியர்களும் மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்து பேசிய ஒரு நாள் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கச் சுவரில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நீளமாக வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஓர் ஓவியர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, பேசப் பேச வரைந்துகொண்டே இருந்தார். பட்டை முனை மார்க்கர் தாளில் உரசும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. இதற்கு ‘கிராஃபிக் ரெக்கார்டிங்’ என்று பெயர். நேரடி ஓவியப் பதிவு என்று நாம் சொல்லலாம். கேட்பதில் எது முக்கியம் என்று அந்தக் கணமே முடிவெடுத்து, நாலைந்து சொல்லாலும் ஒரு படத்தாலும் சுவரில் இறக்க வேண்டும். அடுத்த பேச்சாளர் காத்திருக்க மாட்டார்.

சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு பெண் பேசினார். ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனாராம். முன்வாசலில் அகலமான கல் படிக்கட்டு. சரிவுப்பாதை பின்பக்கம். குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் போய், ஊழியர் கதவில் மணி அடித்துவிட்டு, யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் பேசி முடிக்கும்போது சுவரில் ஒரு பெரிய படிக்கட்டும், அதன் அடியில் சக்கர நாற்காலியில் ஒரு பெண்ணும், பின்னாலிருந்து நாற்காலியைத் தள்ளும் ஓர் ஆணும் இருந்தார்கள்.

தேநீர் இடைவேளையில் அந்தப் பெண் நேராகச் சுவருக்குப் போனார். “யார் இந்த ஆள்? என்னை யாரும் தள்ளவில்லையே” என்றார். ஓவியர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பையிலிருந்து வெள்ளை ஒட்டுத்தாளை எடுத்து அந்த இடத்தை மூடினார். மேலே புதிதாக வரைந்தார்: இரண்டு கையும் சக்கரத்தில், தலை பின்பக்கம் திரும்பியிருக்க, தன் வழியைத் தானே தேடும் பெண். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “குப்பைத் தொட்டியையும் போடுங்கள். அதைத் தாண்டித்தான் நான் ஓவியம் பார்க்கப் போகிறேன்” என்றார். குப்பைத் தொட்டியும் வந்தது.

அந்தக் கூட்டத்துக்குத் தட்டச்சு செய்த குறிப்பும் இருந்திருக்கும். அதில் ‘நுழைவாயில் வசதிகள் குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்திருக்கும். நம் ஊர் மினிட் புத்தகங்களில் அப்படிப்பட்ட வரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் அந்தப் பெண் இல்லை, மணி இல்லை, குப்பைத் தொட்டி இல்லை. குறிப்பு தயாராகி அவர் கைக்குப் போய்ச் சேரும்போது கூட்டம் கலைந்திருக்கும். திருத்தம் கேட்டு எழுத எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்? சுவரில் வரையும் குறிப்பில் ஒரே ஒரு பெரிய நன்மையைத்தான் நான் காண்கிறேன். யாரைப் பற்றிய குறிப்போ அவர் அறையிலேயே இருக்கிறார். மை காய்வதற்குள் ‘இது நான் இல்லை’ என்று சொல்லலாம்.

வேடிக்கைக்காகத் தொடங்கிய வழக்கம் இல்லை இது. 1970-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் டேவிட் சிபெட் போன்றவர்கள் கூட்டங்களைப் பெரிய தாளில் வரைந்தும் எழுதியும் நடத்தத் தொடங்கினார்கள். மைக்கேல் டாயில், டேவிட் ஸ்ட்ராஸ் என்ற இருவர் கூட்டம் நடத்துவது பற்றி 1976-இல் ஒரு புத்தகமே எழுதினார்கள். எல்லாருக்கும் தெரியும்படி சுவரில் எழுதப்படும் குறிப்பைக் குழுவின் நினைவு என்று அவர்கள் அழைத்தார்கள். எழுதுபவர் தன் கருத்தை நுழைக்கக் கூடாது, பேசியவரின் சொல்லையே எழுத வேண்டும், தவறாக எழுதினால் குழு அங்கேயே திருத்த வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமை இயக்கம் இந்தச் சுவர்த்தாளை வேறொரு திசைக்குக் கொண்டுபோனது. 1990-களின் தொடக்கத்தில் கனடாவில் ஜாக் பியர்பாயிண்ட், மார்ஷா ஃபாரஸ்ட் தம்பதியும் ஜான் ஓ’பிரையனும் ‘பாத்’ என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். ஒரு மாற்றுத்திறனாளி நடுவில் இருப்பார். அவருடைய வீட்டார், நண்பர்கள், ஆசிரியர்கள் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கேள்வி கேட்டு நடத்த, இன்னொருவர் நீளத் தாளில் வரைவார். முதல் கேள்வி அவருடைய கனவைப் பற்றியது. குறைபாடு என்ன, மருத்துவச் சான்றில் என்ன போட்டிருக்கிறது என்பதிலிருந்து பேச்சு தொடங்காது. வடதுருவ நட்சத்திரம் போல அந்தக் கனவைத் தாளின் ஓரத்தில் வரைந்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி இன்றைய நாள்வரை வருவார்கள். எழுத்து தெரியாதவர்கூடத் தன் வாழ்க்கைத் திட்டத்தைப் படமாகப் பார்க்கலாம். கடைசியில் அந்தத் தாளைச் சுருட்டி அவரிடமே கொடுத்துவிடுவார்கள். அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டியது அவர் வீட்டுச் சுவருக்குப் போகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இதுதான்.

அருங்காட்சியகத்துக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்று கேட்பீர்கள். அருங்காட்சியகம் என்பதே ஒரு குறிப்பேடுதான். பொருளின் பக்கத்தில் இருக்கும் அட்டையில் எதை எழுதுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதில்தான் வரலாறு நிற்கிறது. பிரிட்டனில் ஆனி டெலின் என்ற ஆய்வாளர் மாற்றுத்திறனாளிகள் அடிக்குறிப்புகளில் புதைந்து கிடக்கிறார்கள் என்று 2002-இல் எழுதினார். அதே தலைப்பில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியக ஆய்வு மையம் நாட்டின் சேகரிப்புகளை ஆராய்ந்து 2004-இல் அறிக்கை வெளியிட்டது. பொருட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஓவியங்களில், புகைப்படங்களில், கிடங்குப் பெட்டிகளில் அவர்கள் நிறையவே இருந்தார்கள். ஆனால் பல இடங்களில் அட்டைகள் அதைச் சொல்லவில்லை. சொன்ன இடங்களில் பரிதாபத்துக்கு உரியவராகவோ, விசித்திரப் பிறவியாகவோ, அசாத்திய சாதனையாளராகவோ மட்டும் காட்டின. பிறகு 9 அருங்காட்சியகங்கள் அந்த மையத்தோடு சேர்ந்து, மாற்றுத்திறனாளிகளின் ஆலோசனைக் குழுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிய காட்சிகளை அமைத்தன. மான்செஸ்டரின் மக்கள் வரலாற்று அருங்காட்சியகம் 2022-இல் ஓராண்டுக் கண்காட்சி ஒன்றைத் திறந்தது. ‘நாங்கள் இல்லாமல் எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்ற முழக்கம்தான் அதன் தலைப்பு. மாற்றுத்திறனாளிகளே அருங்காட்சியகத்தோடு சேர்ந்து அதைத் தொகுத்தார்கள்.

வரைகிற கைக்கும் இதே சோதனை உண்டு. உலகம் முழுக்க நாம் பார்க்கும் சக்கர நாற்காலிச் சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி வரைந்தது. அவர் வரைந்தபோது நாற்காலி மட்டும்தான் இருந்தது. அதில் மனிதத் தலை இல்லை. அதைத் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவர் கார்ல் மொன்டான்தான் மேலே ஒரு வட்டத்தைச் சேர்த்து ஆளாக்கினார். ஒரு வட்டம்! அது இல்லாவிட்டால் வாகன நிறுத்தத்திலும் கழிப்பறைக் கதவிலும் இன்றைக்கும் வெறும் தளவாடம்தான் தொங்கிக்கொண்டிருக்கும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பாஸ்டன் நகரில் சாரா ஹென்ட்ரென், பிரையன் க்ளென்னி இருவரும் அந்த உருவம் விறைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, உடலை முன்னுக்குச் சாய்த்து, கையைப் பின்னுக்கு வீசி, தானே சக்கரத்தை உந்துவதுபோல் மாற்றினார்கள். அந்த வடிவம் இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. எல்லாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கையால் சக்கரத்தை உந்த முடியாதவர்கள் ‘அப்போது நாங்கள்?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சுவருக்கு முன்னால் நிற்கும் ஓவியர் இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நொடியில் பதில் வரைய வேண்டியிருக்கிறது. காது கேளாதவரை எப்படி வரைவது? வெளியே தெரியாத வலியோடு இருப்பவரை? தெரியாதபோது கேட்பதுதான் முதல் வழி.

இன்னொரு வழியும் உண்டு. பிரிட்டனில் மைக் ஆலிவர் 1983-இல் ‘சமூக மாதிரி’ என்று பெயரிட்டு விளக்கிய கருத்தின்படி, ஒருவரை முடக்குவது அவருடைய உடல் இல்லை. அவரை மனதில் வைக்காமல் கட்டப்பட்ட உலகம். நல்ல நேரடி ஓவியர் இதைப் படிக்காமலே செய்துவிடுகிறார். அவர் காலை வரைவதில்லை, படியை வரைகிறார். கண்ணை வரைவதில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் கிடக்கும் அட்டையை வரைகிறார். படிக்கட்டு பெரிதாகத் தெரியும்போது, ‘இதை இடிக்க என்ன செலவாகும்’ என்று நிர்வாகி கேட்கத் தொடங்குவதை நான் அந்தக் கூட்டத்தில் கண்ணால் பார்த்தேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மதுரை அம்மாவிடம் வர வேண்டும். அந்த அழகான சுவர் அவருக்கு என்ன?

நேரடி ஓவியத்தைப் பற்றிய பெரிய கேள்வி இது. அனைவருக்கும் வாசலைத் திறப்பது பற்றிய கூட்டம். அதன் நினைவை முழுக்கக் கண்ணுக்கு மட்டுமே எழுதிவிட்டால், வாசல் மறுபடி யாருக்கோ சாத்தப்படுகிறது. பார்வை உள்ளவர்களுக்கும் சிக்கல் இருக்கிறது. காது கேளாதவரின் கண் ஏற்கெனவே சைகை மொழிபெயர்ப்பாளர் மேல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்குப் பின்னால் ஒருவர் மார்க்கரை ஆட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் போய்விடும். ஆட்டிசம் உள்ள சிலருக்கு அந்த அசைவு இதம், சிலருக்குத் தொல்லை. தாளை நின்றவர் உயரத்துக்கு ஒட்டினால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேல் பாதி கிடைக்காது. சிவப்பும் பச்சையும் கலந்து எழுதினால் நிறக்குருடு உள்ள பலருக்கு இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும். கூட்டம் முடிந்ததும் படத்தை போட்டோ எடுத்துச் சமூக ஊடகத்தில் ஏற்றுகிறார்கள். அதில் இருக்கும் சொற்களெல்லாம் வாசிப்பு மென்பொருளுக்கு வெறும் ‘படம்’. பாட்டு டீச்சர் சொன்ன அதே ‘படம்’.

தீர்வுகள் பெரிய செலவு பிடிப்பவை இல்லை. ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் ஓவியர் ஐந்து நிமிடம் திரும்பி நின்று, இடப்பக்க மூலையிலிருந்து தொடங்கி, தான் வரைந்ததை வாயால் சொல்லலாம். அது பார்வையற்றவருக்கு மட்டும் உதவாது. தவறுகள் வெளிவருவதும் அப்போதுதான். சிகாகோவின் சமகாலக் கலை அருங்காட்சியகம், பார்வையற்ற வல்லுநரான சினா பஹ்ராமோடு சேர்ந்து, தன் இணையப் படங்களுக்குச் சொல்விவரணை எழுதும் ‘கயோட்டி’ என்ற திட்டத்தை நடத்தியிருக்கிறது. ஃபினெகன் ஷானன், போயானா சோக்லியாட் என்ற இரு கலைஞர்கள் பட விவரணையைக் கவிதை எழுதும் கவனத்தோடு எழுதப் பழக்கும் பயிலரங்குகளே நடத்துகிறார்கள். தொட்டறியும் வழியும் இருக்கிறது. வெப்பத்தில் உப்பும் ஒருவகைத் தாள் கிடைக்கிறது. படத்தின் முக்கியக் கோடுகளை மட்டும் கருப்பில் அதில் நகலெடுத்துச் சூடேற்றும் கருவியில் விட்டால், கருப்பு மட்டும் வெப்பத்தை உறிஞ்சிப் புடைத்துக்கொள்ளும். சில நிமிட வேலை. சுவர்ப்படத்தை விரலால் படிக்கலாம். ஆனால் ஓவியத்தை அப்படியே நகலெடுத்தால் விரலுக்குப் புரியாது. பாதிக்கு மேல் கோடுகளை விட்டுவிட வேண்டும். எதை விடலாம் என்பதைத் தொட்டுப் படிப்பவர்தான் சொல்ல முடியும்.

இதையெல்லாம் இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை ஒரு பழைய செய்தி உட்கார வைத்தது. இங்கிலாந்தின் வடக்கே சண்டர்லேண்ட் என்ற துறைமுக ஊர். 1913-இல் அங்கே அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த சார்ல்டன் டீஸ், பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளை உள்ளே அழைத்துவந்து, பாடம் செய்த மிருகங்களையும் பறவைகளையும் எலும்புக்கூடுகளையும் கையால் தொட்டுப் பார்க்கவிட்டார். அந்தப் பிள்ளைகளின் புகைப்படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது அடுத்த காரியம். தொட்டறிந்ததைப் பிள்ளைகள் களிமண்ணில் தாங்களே செய்தார்கள். யாரோ அவர்களைப் பற்றி எழுதிய குறிப்பு இல்லை அது; பிள்ளைகள் தங்கள் கையால் எடுத்த குறிப்பு. சுவரும் மார்க்கரும் வருவதற்கு அறுபது ஆண்டு முன்னால் நடந்த நேரடிப் பதிவு என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். பின்னாளில் இத்தாலியின் அங்கோனா நகரில் ஆல்தோ கிராசீனி, தானியேலா பொத்தெகோனி என்ற பார்வையற்ற தம்பதி, போன இடமெல்லாம் ‘தொடாதே’ என்ற பலகையைச் சந்தித்துச் சலித்து, எல்லாவற்றையும் தொடலாம் என்று ஓர் அருங்காட்சியகத்தையே 1993-இல் கொண்டுவந்தார்கள். ஓமேரோ என்று பெயர்; பார்வையற்றவர் என்று மரபு சொல்லும் கிரேக்கக் கவி ஹோமரின் பெயர்.

நம் பக்கம் என்ன என்றால், டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015 முதல் ‘அனுபவ்’ என்ற தொட்டறியும் கூடம் இருக்கிறது. சென்னைக் கடற்கரையோரம் 2022-இல் திறந்த ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டிஸ்’, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளைத் தொட்டும் இயக்கியும் பார்க்கும் இடம். இவற்றைவிட முக்கியமான ஒரு வரி சட்டத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 29-ஆம் பிரிவு, அவர்களுடைய வரலாற்று அனுபவங்களைப் பதிவுசெய்து விளக்கும் ஓர் அருங்காட்சியகம் அமைப்பதை அரசின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. வாசகர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே சிறப்புப் பகுதிக்காகப் படிக்கும்போதுதான் தெரிந்தது. அந்த அருங்காட்சியகத்தைத் திட்டமிடும் முதல் கூட்டத்தில், கோப்பு திறப்பதற்கு முன்னால் சுவரில் ஒரு தாளை ஒட்ட வேண்டும் என்று உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழில் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் சவால் இருக்கிறது. அது நல்லது என்றே நினைக்கிறேன். நம் சொற்கள் நீளம். ‘அணுகல்தன்மையை மேம்படுத்துதல்’ என்று பட்டை மார்க்கரில் எழுதினால் தாளில் பாதி தீர்ந்துபோகும், பேச்சாளர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். ‘உள்ளே வர முடியுதா?’ என்று எழுதினால் இடமும் மிஞ்சும், யார் கேட்ட கேள்வி என்பதும் தெரியும். சுவரின் அகலமே நம்மை அலுவலகத் தமிழிலிருந்து இறக்கிக் கொண்டுவந்துவிடும்.

இந்த இதழிலிருந்து நம் மின்பதிப்பில் ஒவ்வொரு படத்துக்கும் விவரணை இருக்கும். செல்போன் அதை வாசிக்கும். அச்சுப் பிரதியிலும் அட்டைப்பட விவரணையை இந்தப் பக்கத்தின் அடியில் தருகிறோம். இந்த மாத அட்டைக்கு நம் ஓவியர் சண்டர்லேண்ட் பிள்ளைகளை மனதில் வைத்து, ஒரு சிங்கத்தைத் தொடும் கைகளை வரைந்தார். அச்சுக்கு அனுப்பும் முன் நாங்கள் எழுதிய விவரணையை மதுரைக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன்.

அந்த அம்மா நிதானமாகக் கேட்டார். “கை எப்படி வச்சிருக்கு? உள்ளங்கையா, விரல் நுனியா?”

“எல்லாருக்கும் விரல் நுனிதாம்மா.”

“அப்படி இருக்காது தம்பி. புதுசா ஒண்ணைத் தொடுறப்ப முதல்ல உள்ளங்கையாலதான் தொடுவோம், எவ்வளவு பெருசுன்னு பாக்கணும்ல. அப்புறம்தான் விரல்.”

ஓவியர் பக்கத்தில்தான் இருந்தார். அன்று மாலையே இரண்டு கைகளை மாற்றி வரைந்தார். விவரணையும் மாறியது. இப்போது அது இப்படி இருக்கிறது:

அட்டைப்படம்: பாடம் செய்த ஒரு சிங்கத்தின் தலையும் தோளும், பழுப்பு நிறத்தில், படத்தை நிறைத்து நிற்கின்றன. நாலாபுறமிருந்தும் ஐந்து சிறுவர் கைகள் நீண்டிருக்கின்றன, முகங்கள் தெரியவில்லை. இரண்டு கைகள் விரிந்த உள்ளங்கையோடு சிங்கத்தின் தோளில் பதிந்திருக்கின்றன. இரண்டு கைகளின் விரல்கள் பிடரி மயிருக்குள் புதைந்திருக்கின்றன. ஐந்தாவது கை எல்லாவற்றிலும் சின்னது. அதன் சுட்டுவிரல் சிங்கத்தின் திறந்த வாய்க்குள், ஒரு பல்லின் நுனியில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்